கம்பி வராத வருஷம்

கல்யாணமாகி நான் செங்கல்பட்டுக்கு வந்தபோது அந்த வீட்டில் சமையலறை போக இரண்டே அறைகள். நல்ல அறையில் ரயில் இருந்தது. மற்றதில் நாங்கள் இருந்தோம்.

சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. கிழக்கே ஜன்னல் வைத்த, ஏரிக்காற்று வருகிற அறை அது. அதை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு மேஜை. மேஜையின் மேல் செங்கல்பட்டு ஸ்டேஷன். பிளாட்பாரம், ஓட்டுக் கூரை, எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் தொட்டி, கையை ஏற்றி இறக்கும் சிக்னல், புளியமரங்கள், கொளவாய் ஏரிக்குப் பதிலாக அடியில் நீலம் பூசிய ஒரு கண்ணாடி. தகரத்தையும் மரத்தையும் அறுத்து, பற்றவைத்து, வண்ணம் தீட்டிச் செய்த எஞ்சின்கள், முழங்கை நீளத்தில். எல்லாம் என் கணவர் தம் கையாலேயே செய்தது. அவர் உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். கைவேலை சுத்தம். வாய்தான் கிடையாது. கல்லுளிமங்கன் என்று எங்கள் ஊரில் சொல்வார்களே, அந்த ஜாதி.

நான் இரண்டாந்தாரம். மகாபலிபுரத்தில் நைனாவுக்குச் சங்கும் சோழியும் விற்கிற கடை. கோயில் பார்க்க வருகிறவர்கள் வாங்கினால் அடுப்பு எரியும். பெண் பார்க்க வந்தபோதே சொல்லிவிட்டார்கள், மூத்தவள் ரயிலில் அடிபட்டுப் போய்விட்டாள், பிள்ளை குட்டி இல்லை என்று. எப்படி அடிபட்டாள் என்று நாங்கள் கேட்கவில்லை. கல்யாணப் பேச்சில் சாவைப் பற்றி விசாரிக்கக் கூடாது என்று நைனா வாயை மூடிக்கொண்டார். எனக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லப்போகிறேனா?

வீட்டில் அவருடைய அக்கா இருந்தார், புருஷனை இழந்து தம்பியோடு வந்து தங்கியவர். அண்ணி என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷி. ஆனால் முதல் நாளே என்னை அந்த அறை வாசலில் நிறுத்தி, "இத்த மட்டும் தொடாத. தொடச்சா நானே தொடைப்பேன்" என்றார். மாட்டுப்பொண்ணுக்குச் சாவிக்கொத்தைக் கொடுக்கிற நாளில் எனக்குக் கிடைத்தது இதுதான்.

அந்த மேஜைக்கு ஒரு சட்டம் இருந்தது. அது எல்லாக் காலத்துக்கும் பொதுவான ஸ்டேஷன் இல்லை. ஒரே ஒரு வருஷத்து ஸ்டேஷன். கம்பி வருவதற்கு முந்தின வருஷம். தாம்பரத்தோடு நின்றிருந்த மின்சாரக் கம்பி அறுபதுகளின் நடுவில் எங்கள் ஊருக்கு நீண்டு, அப்படியே விழுப்புரம் பக்கம் போனது. நான் வந்தபோது கம்பமும் கம்பியும் ஊருக்குப் பழகிப்போயிருந்தன. மேஜையில் மட்டும் கம்பம் கிடையாது. அந்த வருஷத்தில் அந்த லைனில் ஓடாத எஞ்சின் எதுவும் அங்கே ஏற முடியாது.

சும்மா பொதுவாகப் புகைவண்டி என்று செய்து வைத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். ஒரு தரம் மாசக்கணக்கில் உட்கார்ந்து ஓர் எஞ்சின் செய்தார். கரி வண்டி, சக்கரத்தைத் தள்ளும் கம்பிகள், டிரைவர் ஏறுகிற படி எல்லாம் அச்சு அசல். பிறகு யாரோ, முன்விளக்கு அப்படிப் பெரிதாக மாறியது அந்த வருஷத்துக்கு அப்புறம்தான் என்று சொல்லிவிட்டார். அன்றே விளக்கைப் பிடுங்கி எறிந்தார். இன்னொன்றில் கரி வண்டியின் பக்கவாட்டில் வெள்ளைக் கோடு போட்டிருந்தார். அந்தக் கோடு அந்த வருஷத்துக்குப் பொருந்தாது என்று தெரிந்ததும் பிளேடால் சுரண்டினார். சுரண்டின இடம் கறுப்பில் கறுப்பாக ஒட்டவில்லை, எஞ்சினையே ஒதுக்கிவிட்டார். வெள்ளைக்காரன் காலத்து எஞ்சின் ஒன்று அழகாகச் செய்து வைத்திருந்தார். அது அந்த வருஷத்துக்குள் உடைக்கப் போய்விட்டதாம். ஆகவே பரண் மேல் கிடந்தது. ஸ்டேஷன் போர்டில் இந்தி எழுத்து சுத்தமாக இருந்தது. ஊரில் அதன்மேல் தார் பூசினது அப்புறமாம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு நாள் கேட்டேன்.

"அரக்கோணம் வண்டி இன்னமும் பொக வுட்டுகினுதானே போவுது? அந்த எஞ்சின் வெச்சா இன்னா? தெனம் கண்ணால பாத்தே செய்யலாமே."

அவர் பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே சொன்னார். "அந்த எஞ்சின் அப்போ மெட்ராஸ் லைன்ல வர்ல."

"அப்போ வர்லன்னா இப்போ யாரு கேக்கப்போறா?"

ஊருக்கெல்லாம் ஒரு வழி, இவருக்கு ஒரு வழி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வண்டி ஓடவும் செய்யும். கரண்டில் இல்லை. மேஜைக்கு அடியில் மூத்தவளின் தையல் மெஷின். தலையைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டு, காலால் மிதிக்கிற பாகத்தை மட்டும் அங்கே பொருத்தியிருந்தார். மிதித்தால் சக்கரம் சுற்றும், சக்கரத்திலிருந்து ஒரு கயிறு இழுக்கும், மேலே வண்டி ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வந்து ஸ்டேஷனில் நிற்கும். சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து காபி குடித்ததும் உட்கார்ந்து மிதிப்பார். கடகடவென்று அந்தச் சத்தம். எனக்குத் தையல் தெரியும். கல்யாணத்துக்கு முன் ரவிக்கை தைத்துத் தந்திருக்கிறேன். இந்த வீட்டில் மெஷின் இருந்தும் ஊசியால் கையில் தைத்தேன்.

அந்த மேஜையில் என்னுடையது என்று ஒன்றே ஒன்று உண்டு. தண்டவாளத்துக்கு அடியில் பரப்ப ஜல்லி வேண்டியிருந்தது. அவர் செங்கல்லை உடைத்துப் பார்த்தார், நிறம் சரியில்லை. எங்கள் ஊரில் சிலை செதுக்குகிற பட்டறைகளில் கருங்கல் சில்லு குவிந்து கிடக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அதைப் பொறுக்கி, சல்லடையில் சலித்து, ஒரு பை நிறையக் கொண்டுவந்தேன். திருக்கழுக்குன்றம் வழியாக வருகிற பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன், கர்ப்பிணி மாதிரி. அவர் கையில் அள்ளிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அப்படியே கீது" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் அந்த வருஷத்தை ஓட்டினேன்.

எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். பொங்கலுக்கு முன்னால் படையல் போட்டு, புதுப் புடவை, பூ, மஞ்சள், வளையல் வைத்து அவளைக் கூப்பிடுவோம். அப்புறம் அந்தப் புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்ள வேண்டும். இந்த வீட்டில் அது நான். புடவையை அவரே கடைக்குப் போய் வாங்கி வருவார். ஒவ்வொரு வருஷமும் இலைப்பச்சை, அரக்குக் கரை. எனக்குப் பச்சையே ஆகாது. என் நிறத்துக்கு அது தூக்கியும் காட்டாது. மாம்பழ மஞ்சள் என்றால் உயிர். ஆனால் சாமிக்கு வாங்குகிற புடவையில் எனக்குப் பிடித்தது பிடிக்காதது என்று எப்படிச் சொல்வது? இன்ன நிறம் வேண்டுமா என்று அவரும் ஒரு வருஷமாவது கேட்கவில்லை. பெட்டியில் பச்சையின் மேல் பச்சையாகச் சேர்ந்துகொண்டே போனது.

என் தம்பி கடையில் நைனாவுக்கு ஒத்தாசை. அந்த நாளில் மகாபலிபுரத்துக்கு வெள்ளைக்காரர்கள் நிறைய வருவார்கள், சிலர் மாதக்கணக்கில் தங்குவார்கள். அப்படி ஒரு குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அவர்கள் பையன் கடையில் இருந்த பெரிய சங்கைக் கேட்டு அழுதிருக்கிறான். தம்பி சங்கைக் கொடுத்தான். பதிலுக்குப் பையன் தன் விளையாட்டு எஞ்சினைக் கொடுத்துவிட்டுப் போனான். கெட்டியான உலோகம். கரும்பச்சை வண்ணம். மின்சார எஞ்சின். முகமும் முதுகும் ஒன்று போல இருந்தன, மேலே கம்பியைத் தொடுகிற மடக்குச் சட்டம், விரலால் தூக்கினால் எழுந்து நிற்கும். தம்பி அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே செங்கல்பட்டுக்கு வந்தான்.

"அக்கா, மாமா பாத்தாருன்னா அப்படியே சொக்கிப் பூடுவாரு பாரு."

நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த ஊரிலேயே யாரிடமும் இல்லாத சாமான், என் பிறந்த வீட்டிலிருந்து வருகிறது. சாயங்காலம் அவர் வந்ததும் காபிகூடக் கொடுக்காமல் கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டத்தைத் தூக்கினார், மடக்கினார். வேலைப்பாடு தெரிந்தவர் அல்லவா, விரல் தானாகவே தடவியது. பிறகு முகம் சாம்பலாகிவிட்டது.

"நல்லா கீதுப்பா," என்றார் தம்பியிடம். என்னிடம், "இத்த உள்ள எங்கியாவது வெச்சுடு" என்றார்.

"மேஜ மேல வைங்களேன்."

"அந்த வருஷத்துல இது இல்ல."

தம்பி முகம் விழுந்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சாப்பிடாமலே போனான். என் வீட்டு மனிதனை வெறும் வயிற்றோடு அனுப்பினார்கள் என்ற ஆத்திரத்தில் நான் அடுப்பங்கரையில் பாத்திரத்தையெல்லாம் உருட்டினேன். அண்ணி அரிவாள்மணையை நகர்த்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றுதான் சொன்னார்.

"ஏம்மே, சொம்மா கத்தாத. ஒனக்குத் தெர்ல. அந்தக் கரண்ட்டு எஞ்சின்தாம்மே அவள அடிச்சிது."

எங்கள் தெருக்கோடியில் தண்டவாளத்தைத் தாண்டிப் போகிற ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. மார்க்கெட்டுக்கு அதுதான் குறுக்கு வழி. கேட் கிடையாது, ஆள் கிடையாது. அங்கே தாண்டுகிறவர்களுக்குத் தலைமுறையாக ஒரே பழக்கம். ஏரிப் பக்கம் தலையைத் திருப்பிப் புகை தெரிகிறதா என்று பார்ப்பது. ஏரிக்கு மேலே வெட்டவெளி, புகை வெகுதூரத்திலேயே தெரிந்துவிடும். புகை இருந்தால் நிற்க வேண்டும். இல்லையென்றால் போகலாம். காதால் கேட்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை, மூத்தவளுக்கும்தான். கம்பி வந்த புதிது. ஒரு நாள் காலையில் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். ஏரிப் பக்கம் பார்த்தாள். வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. இறங்கிவிட்டாள்.

"பாத்துட்டுத்தாம்மே போனா," என்றார் அண்ணி. "பாக்காம போனான்னு ஊர்ல சொன்னாங்கோ. நான் வாசல்ல நின்னுகினு இருந்தேன். பாத்தா. பொக இல்ல. அவ இன்னா பண்ணுவா? பச்சப் பொடவ கட்டிகினு இருந்தா."

நான் எழுந்து அந்த அறைக்குப் போனேன். மேஜையில் ஆட்கள் உண்டு. கூலிக்காரர், டீ விற்கிறவர், கொடி பிடித்த கார்டு. மரத்தில் செதுக்கிய, விரல் அளவு ஆட்கள். இத்தனை நாள் பொம்மை என்றுதான் பார்த்திருந்தேன். ஏரிக்கரைக்குக் கிட்டே, பாதை தண்டவாளத்தைத் தொடுகிற இடத்தில், இடுப்பில் கூடையோடு ஒருத்தி நின்றாள். இலைப்பச்சைப் புடவை, அரக்குக் கரை. தலை ஏரிப் பக்கம் திரும்பியிருந்தது.

அவள் பார்க்கிற பக்கத்தில் எப்போதும் ஓர் எஞ்சின் நிற்கும், புகைபோக்கியில் விளக்குக் கரி தடவிய இலவம்பஞ்சு வைத்து. அவர் வண்டியை ஓட்டி முடித்தாலும் கடைசியில் அங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவார். ஏன் என்று எனக்கு அப்போது புரிந்தது. அந்த மேஜையில் அவள் எந்நேரமும் புகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கிறவரை இறங்க மாட்டாள். புகை விடாத எஞ்சின் ஒன்று ஏறிவிட்டால் போயிற்று. விளக்கைப் பிடுங்கியதும் வெள்ளைக் கோட்டைச் சுரண்டியதும், மேஜை அந்த வருஷத்தை விட்டு ஓர் அங்குலம் நகராமல் இருக்கத்தான். ஒன்று தப்பினால் அடுத்தது தப்பும், அப்புறம் கம்பி வந்துவிடும்.

இத்தனை நாள் மனசுக்குள் அவரைப் பைத்தியம் என்று திட்டியதற்கு நான் வருத்தப்பட்டேனா என்றால், பட்டேன். அதைவிடப் பொறாமைப்பட்டேன். உள்ளதைச் சொல்ல வேண்டும். செத்தவளை ஒருவர் இப்படிக் கையைப் பிடித்து நிறுத்திவைத்திருக்கும்போது, உயிரோடு இருக்கிறவள் எங்கே போய் நிற்பது? அந்த வருஷத்தில் நான் மகாபலிபுரத்தில் பாவாடை கட்டிக்கொண்டு சோழி கோத்துக்கொண்டிருந்தேன். அந்த மேஜையில் என் ஊர்க் கல் இருந்தது, அதுவும் தண்டவாளத்துக்கு அடியில். சக்களத்தி உயிரோடு இருந்தால் குடுமியைப் பிடித்துச் சண்டை போடலாம். விரல் அளவு மரப்பொம்மையோடு என்ன சண்டை? மின்சார எஞ்சினைப் பச்சைப் புடவைகளுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

பிறகு எங்களுக்குப் பெண் பிறந்தாள்.

அவர் அவளிடம் உயிராக இருந்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் பேசாத வாயெல்லாம் அவளிடம் திறந்தது. அவள் நடக்கத் தொடங்கியதும் தொடாதே என்ற சட்டமும் போயிற்று. மேஜை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு நிற்பாள். அவர் மிதிப்பார், வண்டி வரும், அவள் கூவுவாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே, பார்த்துப் பார்த்து அந்த மேஜையின் சட்டம் அவளுக்குப் பாடமாகிவிட்டது. வண்டி ஏரிக்கரையில் வரும்போது பச்சைப் புடவைக்காரிக்காக அவளே குரல் கொடுப்பாள்: "பொக வருது, நில்லு!" வண்டி ஸ்டேஷனுக்குப் போய்விட்டால், "பொக பூட்ச்சி, வா!" அவர் சிரிப்பார். அண்ணியும் சிரிப்பார். அடுப்பங்கரையிலிருந்து அதைக் கேட்கும்போது கிளறுகிற கரண்டியை நிறுத்திவிடுவேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை. பொறாமையாகத்தான் இருக்கும் என்று என்னையே கடிந்துகொண்டேன்.

அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். பள்ளிக்கூடம் லைனுக்கு அந்தப் பக்கம். அவரோ சீக்கிரமே கிளம்பிவிடுவார், அவர் பள்ளி வேறு திசை. நான்தான் கொண்டுபோய் விடுவேன். குறுக்குப் பாதையில் போக மாட்டேன், சுற்றிக்கொண்டு கேட் வழியாகத்தான் போவேன். ஒரு நாள் காலையில் கேட்டை மூடி வெகு நேரமாகியும் திறக்கவில்லை. கூட்ஸ் வண்டி ஒன்று நடுவில் நின்றுவிட்டது. மணி அடித்துவிடுவார்கள் என்று பெண் சிணுங்கினாள். திரும்பி வந்து குறுக்குப் பாதைக்குப் போனோம்.

தண்டவாளத்துக்குக் கிட்டே வரும்போது என் செருப்பு வார் பிய்ந்தது. குனிந்தேன். அவள் கையை விட்ட நேரம் அவ்வளவுதான்.

"பொக இல்லம்மா, வா!"

நிமிர்ந்தால் அவள் ஜல்லி மேல் ஏறிவிட்டாள். தலையை ஏரிப் பக்கம் திருப்பி, அந்தப் பொம்மை எப்படிப் பார்க்குமோ அப்படியே பார்த்துக்கொண்டு. வானம் வெறுமையாக இருந்தது. அதற்குக் கீழே வண்டி வந்துகொண்டிருந்தது. புகையும் இல்லை, பெரிய சத்தமும் இல்லை. மேலே கம்பி மட்டும் சன்னமாகக் கிறீச்சிட்டது. வண்டி கண் எதிரே இருக்கிறது, என் பெண் அதைப் பார்க்கவில்லை, அதற்கு மேலே வானத்தில் புகையைத் தேடுகிறாள். எஞ்சின் அலறியது. நான் பாய்ந்து பின்னலைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் சரிவில் உருண்டோம். வண்டி போய் முடிகிறவரை அவள் முகத்தை என் வயிற்றில் அமுக்கிக்கொண்டு கிடந்தேன். அவள் அழுதது பின்னல் வலித்ததற்காக.

அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. அண்ணி திருஷ்டி சுற்றி, விபூதி பூசி, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. முழங்கையில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது, கழுவக்கூடத் தோன்றவில்லை. பெட்டியைத் திறந்து எஞ்சினை வெளியே எடுத்துவைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

அவர் வந்தார். என்னையும் என் மடியில் இருந்ததையும் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"இன்னிக்கு உங்க பொண்ணு தண்டவாளத்துல ஏறிட்டா," என்றேன். "ஏன் ஏறுனா தெரியுமா? ஏரிப் பக்கம் பாத்தா. பொக இல்ல. வான்னு என்னியக் கூப்புட்டா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பெண் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் தலையை, தோளை, கையைத் தடவித் தடவிப் பார்த்தார், எல்லாம் இருக்கிறதா என்பது போல.

நான் எஞ்சினை நீட்டினேன். "இத்த ஏத்துங்க."

"அந்த வருஷத்துல..." என்று ஆரம்பித்தார். வாய்ப் பழக்கம்.

"அந்த வருஷத்துல நீங்க பெத்த பொண்ணும்தான் இல்ல. அவள எங்க நிறுத்தப்போறீங்க?"

நான் அப்படிப் பேசினதே இல்லை. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் மூத்தவளைப் பற்றி என்னிடம் அவர் முதன்முதலாக வாய் திறந்தது அப்போதுதான்.

"கம்பி போட்டா அவ நிக்க மாட்டா," என்றார்.

"தெரியும்," என்றேன். "எனக்கும் தெரியும்."

மறுநாளிலிருந்து அவர் கம்பம் நட்டார். விளக்குமாற்று ஈர்க்குச்சியைச் சீவி, கறுப்படித்து, தண்டவாளத்தோரமாக ஒவ்வொன்றாக நட்டார். பழைய மோட்டாரிலிருந்து பிரித்த செம்புக் கம்பியை இழுத்துக் கட்டினார். எத்தனையோ ராத்திரி பகல் பார்த்துச் செய்த எஞ்சின்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய வேட்டியில் சுற்றினார். ஒரு தப்பு வராமல் கட்டிவைத்த வருஷத்தை அவர் கையாலேயே கலைத்தார். அந்த வெள்ளைக்காரப் பையனின் எஞ்சின் எங்கள் ஊர் எஞ்சின் மாதிரியே இல்லை. நிறம் வேறு, மூக்கு வேறு. எந்த வருஷத்துச் செங்கல்பட்டிலும் அது ஓடியதில்லை. வெள்ளைக் கோட்டுக்காக ஓர் எஞ்சினையே ஒதுக்கினவர், அதைத் தண்டவாளத்தின் அகலத்துக்கு வேறு சக்கரம் போட்டு ஏற்றினார். நிறத்தைக்கூட மாற்றவில்லை.

கடைசியில் அவள் மட்டும் பாக்கி. அடியில் சுண்ணாம்புச் சாந்து வைத்துப் பதித்திருந்தார். மெதுவாக அசைத்து அசைத்து எடுத்தார். கொஞ்சம் சாந்தும் பெயர்ந்துகொண்டு வந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையை விரித்து உள்ளங்கையில் வைத்தார். கனமே இல்லை. நான் சாமி மாடத்தில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு பெண்ணைக் கூப்பிட்டு மேஜைக்கு எதிரே நிறுத்தினார். மிதித்தார். எஞ்சின் ஏரிக்கரையைச் சுற்றி வந்தது.

"பொக எங்கப்பா?" என்றாள்.

"பொக வராதும்மா. இனிமே வராது. ரெண்டு பக்கமும் பாக்கணும். காதால கேக்கணும். யாராச்சும் கைய புடிச்சிகினுதான் தாண்டணும்." அவள் திரும்பச் சொல்கிறவரை விடவில்லை. வண்டியை மறுபடி மறுபடி வரவைத்து, இரண்டு பக்கமும் அவள் தலை திரும்புகிறதா என்று பார்த்தார்.

அவளுக்கு அது நன்றாகப் படிந்தது என்று தெரிந்த நாளோடு மிதிப்பதை விட்டுவிட்டார். சில வாரம் கழித்துத் தையல் மெஷினைக் கழற்றி, தலையைப் பொருத்தி, எண்ணெய் விட்டு என் பக்கம் நகர்த்தி வைத்தார். எனக்கு நியாயமாகச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாயங்காலங்களில் அந்த அறையில் சத்தமே இல்லாமல் போயிற்று. அவர் சும்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். மேஜையில் மூத்தவள் நின்ற இடத்தில் சின்னப் பள்ளம் ஒன்று. அதை அவர் பூசி மெழுகவில்லை. இதை அவர் எனக்காகச் செய்யவில்லை, பெண்ணுக்காகச் செய்தார். அது போதும் என்று சொல்லிக்கொண்டேன். போதவில்லை. ஆனால் ஒரு மனுஷனை அதற்கு மேல் எப்படிக் கேட்பது?

பொங்கல் நெருங்கியது. படையலுக்குப் புடவை எடுக்கப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினவர், வாசல்படியிலிருந்து திரும்பி வந்தார்.

"இந்தத் தபா இன்னா கலர்ல வாங்கட்டும்?" என்றார் என்னிடம்.

இந்தக் கேள்விக்குப் பதிலை நான் வருஷக்கணக்காக வைத்திருந்தேன். மாம்பழ மஞ்சள், நீலக் கரை. நாக்கு நுனிவரை வந்தது. மாடத்தில் அவள் கூடையை இடுக்கிக்கொண்டு, புகை எதுவும் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பச்சையே வாங்குங்க," என்றேன். "மேஜையிலதான் அவளுக்கு எடமில்லாம பண்ணிட்டோம். பொடவையாவது அவளுதா இருக்கட்டும்."

அவர் போகவில்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பையை முகத்தில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறாற்போல, வாய்விட்டு அழுதார். நான் வந்த நாளிலிருந்து அவர் அழுது பார்த்ததில்லை. பெண் பயந்துபோய் என்னிடம் ஓடிவந்தாள். அவளையும் தூக்கிக்கொண்டு போய், அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டேன்.